குரலுக்குக் கூலி உண்டா?

உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பது ஒரு நெறி. தொண்டு செய்பவர் கூலியை எதிர்பார்க்கலாகாது என்பது மற்றொரு நெறி. இவ்விரண்டையும் நாம் இளமை முதலே கேட்டு வளர்ந்தோம். இரண்டையும் மெய்யென்றே ஏற்றோம். வயலில் நாள் முழுதும் களை எடுத்தவளை மாலையில் வெறுங்கையோடு அனுப்புவது பெரும் தீங்கு என்று அறிவோம். நோயுற்ற அண்டை வீட்டாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு அதற்குக் காசு கேட்பது இழிவு என்றும் அறிவோம். ஆயின், ஒரே செயல் ஒருபுறம் உழைப்பாகவும் மறுபுறம் தொண்டாகவும் தோன்றுமானால், எந்த நெறி அதனை ஆளும்?

இவ்வினாவைப் புதியதொரு கோலத்தில் நம்முன் கொணர்ந்து நிறுத்துகிறது கணினி விளையாட்டு உலகம். விளையாட்டைப் பற்றியெல்லாம் நாம் ஏன் சிந்திக்க வேண்டும் என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நம் பிள்ளைகள் தம் மாலைப் பொழுதுகளை எங்கே செலவிடுகிறார்களோ, அங்கே நிகழும் நீதியும் அநீதியும் நமக்கு அயலானவை அல்ல என்பதே நம் மறுமொழி.

திரைக்கு அப்பால் ஒரு குரல்

‘இ-ஸ்போர்ட்ஸ்’ என வழங்கப்படும் இப்போட்டிகளில் விளையாடுவோர் கணினிமுன் அமர்ந்து, திரையில் விரியும் களத்தில் மோதுகின்றனர். சிறுவர் பொழுதுபோக்கு என்னும் நிலையை இது கடந்து நெடுநாளாயிற்று. 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் இந்திய அரசு இதனைப் பல்விளையாட்டு நிகழ்வுகளின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டது. 2023-இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 7 கணினி விளையாட்டுகளுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

வானொலிப் பெட்டியைச் சூழ்ந்தமர்ந்து கிரிக்கெட் நேர்முக வர்ணனை கேட்ட தலைமுறையினருக்கு வர்ணனையாளரின் அருமை தெரியும். கண்ணால் காணாத ஆட்டத்தை அவர்தம் குரலே நமக்குக் காட்டியது. கணினி விளையாட்டிலோ காட்சி நம் கண்முன் இருக்கிறது; எனினும், குரல் இல்லையேல் பெரும்பாலோர்க்கு ஒன்றும் விளங்காது. ‘டோட்டா 2’ என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஐவராகப் பதின்மர் மோதுவர். நூற்றுக்கு மேற்பட்ட வீரப் பாத்திரங்களுள் ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்துகொள்வர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி ஆற்றல்கள் உண்டு. பெரும் மோதல் ஒன்று சில நொடிகளில் தொடங்கிச் சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் யார் தாக்கினார், யார் வீழ்ந்தார், ஏன் வீழ்ந்தார் என்பதை வர்ணனையாளர் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாக இருவர் சேர்ந்தமர்வர். ஒருவர் நிகழ்வதை உடனுக்குடன் உரைப்பார். மற்றவர் அதன் காரணத்தை விளக்குவார். விளையாடுவோருக்கு எதிரணி மறைந்திருக்கும் பகுதி இருண்டே தெரியும். வர்ணனையாளருக்கோ இருபுறமும் தெரியும். பதுங்கியிருப்பவனையும், அதை அறியாமல் அவனை நோக்கி நடப்பவனையும் அவர் ஒருசேரக் காண்கிறார். விளையாட்டின் விதிகளும் அடிக்கடி திருத்தப்படுகின்றன; ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் அவர் மீண்டும் பயில வேண்டும். ஆகவே, ஒருமணி நேர வர்ணனைக்குப் பின்னே பலமணி நேரப் பயிற்சி மறைந்திருக்கிறது.

இத்தகைய பணியைச் சம்பளம் இன்றிச் செய்வோர் பலர். பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் தம் அறையில் ஒலிவாங்கிமுன் அமர்வர். போட்டி வேறொரு கண்டத்தில் நடக்குமாயின், நள்ளிரவு கடந்தும் உறங்காது பேசுவர். இவர்கள் செய்வது தொண்டா, வேலையா?

கொடையாகப் பிறந்த கலை

இக்கலை கொடையாகவே பிறந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990-களின் இறுதியில் மேலைநாடுகளில் இவ்விளையாட்டுகளைத் தொலைக்காட்சி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1998-இல் ‘ஷௌட்காஸ்ட்’ என்னும் மென்பொருள் வெளிவந்தது. யார் வேண்டுமாயினும் தம் கணினியிலிருந்து இணையம் வழியே வானொலிபோல் ஒலி பரப்ப அது வழிசெய்தது. விளையாட்டை நேசித்த இளைஞர் சிலர் அதைக்கொண்டு போட்டிகளை வர்ணிக்கத் தொடங்கினர். யாரும் அவர்களை அமர்த்தவில்லை. யாரும் கூலி பேசவுமில்லை. இன்றளவும் இத்துறையில் வர்ணனையாளரை ‘ஷௌட்காஸ்டர்’ என்று அழைப்பதற்கு அம்மென்பொருளின் பெயரே காரணம்.

பிற்காலத்திலும் இம்மரபு மறையவில்லை. 2007-இல் வெளிவந்த ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ என்னும் விளையாட்டில் அணிக்கு அறுவராக மோதும் போட்டிகளை ரசிகர்களே நடத்தி வந்தனர். பெரும் பரிசுத் தொகை ஏதும் அவற்றுக்கு இல்லை. 2012-இல் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டு நகரில் நடந்த ‘இன்சோம்னியா’ விழாவில் அமெரிக்க அணி வந்து விளையாட வேண்டும் என்று ரசிகர்கள் விரும்பினர். பயணச் செலவை அவர்களே நன்கொடையாகத் திரட்டினர். அத்தகைய போட்டிகளை ஒளிபரப்பியோரும் தன்னார்வலர், வர்ணித்தோரும் தன்னார்வலர். அங்கே கூலி கேட்பது திருமண வீட்டில் பந்தி பரிமாறிய உறவினர் கூலி கேட்பதை ஒக்கும். எல்லாரும் கொடுத்தனர், எடுத்துச் சென்றவர் எவருமிலர். ஆதலின் அங்கே வர்ணனையாளரின் குரல் ஐயமின்றிக் கொடையே.

இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர்வோம். 1996-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சன்னிவேல் நகரில் ஏறத்தாழ 40 பேர் கூடி ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ விளையாட்டில் போட்டியிட்டனர். பின்னாளில் ‘இவோ’ என்று உலகறிந்த போட்டியின் தொடக்கம் அதுவே. ஆர்வலர்களின் உழைப்பால் அது ஆண்டுதோறும் வளர்ந்தது. 2004-இல் பொமோனா நகரில் நடந்த போட்டியில் ஜப்பானின் டைகோ உமேஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினர். உமேஹாராவின் பாத்திரத்துக்கு உயிர் ஒரு நூலிழை அளவே எஞ்சியிருந்தது. வரும் அடியை வழக்கம்போல் தடுத்தாலும் அத்தடுப்பே உயிரைக் குடித்துவிடும். வாங் தொடுத்த 15 அடிகளையும் ஒவ்வொன்றாக, உரிய கணத்தில் எதிர்கொண்டு விலக்கி, திருப்பித் தாக்கி, அச்சுற்றை உமேஹாரா வென்றார். அப்பதிவை இன்று காண்போரும் திரையைக் காட்டிலும் அரங்கத்தின் குரலாலேயே ஆட்கொள்ளப்படுகின்றனர். ஒவ்வோர் அடிக்கும் உயர்ந்துகொண்டே போகும் அந்த ஆரவாரத்தை எந்த ஒப்பந்தமும் விலைக்கு வாங்கியிருக்க இயலாது.

அப்போட்டியையே 2021-இல் சோனி நிறுவனம் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து விலைக்கு வாங்கியது. விற்றோர்மீதோ வாங்கியோர்மீதோ குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால், பலர் விலையின்றிக் கொடுத்துக் கட்டிய ஒன்று, ஒருநாள் விலையுள்ள பொருளாகிச் சந்தைக்கு வரக்கூடும் என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

பணம் வந்த பின்

‘டோட்டா 2’ விளையாட்டின் உலகப் போட்டி முதன்முதலாக 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்தது. மொத்தப் பரிசு 16 இலட்சம் டாலர். 2013 முதல், ரசிகர்களுக்கு விற்கப்பட்ட சிறப்புத் தொகுப்பின் வருவாயில் கால் பங்கு பரிசுத் தொகையோடு சேர்க்கப்பட்டது. முக்கால் பங்கு நிறுவனத்துக்கு. 2021-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்தபோது பரிசு 4 கோடி டாலராக உயர்ந்திருந்தது. 2024-இல் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் பல விளையாட்டுகளுக்குமாக நடத்தப்பட்ட உலகக் கோப்பைப் போட்டிகளின் பரிசுகள் 6 கோடி டாலரைத் தாண்டின.

பெரும் போட்டிகளில் பெயர்பெற்ற வர்ணனையாளர்கள் ஊதியம் பெறுகின்றனர். அதையே வாழ்வாகக் கொண்டோரும் உளர். ஆனால், அந்த உச்சிக்குக் கீழே எண்ணற்ற போட்டிகள் நடக்கின்றன. பன்னாட்டு அணிகள் பங்கேற்கும். விளம்பரதாரர் பணம் தருவர். வென்றவர் பரிசு பெறுவர். அங்கே வர்ணனைக்கு அழைக்கப்படும் இளைஞரிடம் ஒரு சொல் கூறப்படும்: ‘பணம் தர இயலாது, ஆனால் உங்களுக்கு நல்ல அறிமுகம் கிடைக்கும்.’

இச்சொல்லை நாம் நிறுத்தி ஆராய வேண்டும். அரங்க உரிமையாளரிடம் இப்படிச் சொல்வதில்லை. அவருக்கு வாடகை உண்டு. விளக்கு அமைப்பவரிடம் சொல்வதில்லை. உணவு வழங்குபவரிடம் சொல்வதில்லை. நாற்காலிக்கு வாடகை தருகிறோம். அதில் அமர்ந்து ஆறு மணி நேரம் பேசுகிறவரிடம் மட்டும் அறிமுகத்தை ஊதியமாகக் காட்டுகிறோம். இது ஏன்? மற்றவர் எல்லாரும் கூலி இன்றேல் வரமாட்டார். இவர் மட்டும் அன்பினால் வந்துவிடுவார் என்பது நமக்குத் தெரியும். அவருடைய அன்பையே அவருக்கு எதிரான கருவியாக்கிக் கொள்கிறோம்.

மூன்று மறுப்புகள்

இதற்கு மறுப்புக் கூறுவோர் உண்டு. அவர்தம் சொல்லையும் நேர்மையாகக் கேட்போம்.

‘அவர் மகிழ்ச்சியோடு செய்கிறார், மகிழ்ச்சியே கூலியன்றோ?’ என்பது முதல் மறுப்பு. இது சரியாயின், தம் தொழிலை நேசிக்கும் ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டியதில்லை. அதை வெறுப்பவருக்கே தர வேண்டும். தம் வேலையில் மகிழ்வது குற்றமா, அதற்குத் தண்டம் விதிக்க?

‘இது பயிற்சிக் காலம், பயில்பவர் கூலி கேட்கலாமா?’ என்பது இரண்டாவது. பயிற்சி என்றால் கற்பிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும். தச்சனிடம் தொழில் பழகும் சிறுவனுக்கு உளி பிடிக்கக் கற்றுத்தரத் தச்சன் தன் நேரத்தைச் செலவிடுகிறான். தனியே பயின்று, தனியே முயன்று, முழுப் பணியையும் முடித்துத் தருகிறவரைப் பயிற்சியாளர் என்று அழைப்பது சொல்லை வளைப்பதாகும்.

மூன்றாவது மறுப்பே வலுவானது: ‘அவராக விரும்பி வந்தார், யாரும் வற்புறுத்தவில்லை. விருப்பத்தோடு கொடுப்பதைப் பெறுவதில் என்ன பிழை?’ இதற்கு விடைகாண, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கை நோக்குவது பயன் தரும்.

சமய அறக்கட்டளை ஒன்று அங்கே பெட்ரோல் நிலையங்கள், துணிக்கடைகள், பண்ணைகள் முதலிய வணிகங்களை நடத்தியது. அவற்றில் உழைத்தோருள் பலர் முன்னர்ப் போதைப் பழக்கத்துக்கு அடிமையாயிருந்து, அவ்வமைப்பினரால் மீட்கப்பட்டவர்கள். உணவும் உடையும் உறைவிடமும் அவர்களுக்குக் கிடைத்தன; ஊதியம் இல்லை. அரசு வழக்குத் தொடுத்தபோது, தாங்கள் தொண்டர்களே என்றும், ஊதியம் தங்களுக்கு வேண்டாம் என்றும் அத்தொழிலாளர்களே சாட்சி கூறினர். எனினும் 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அவர்களுக்கும் கூலிச் சட்டம் பொருந்தும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. விருப்பச் சான்று ஒன்றே போதும் என்று விட்டுவிட்டால், வலிமையுள்ள முதலாளி தன் தொழிலாளரை அவ்வாறு சொல்லச் செய்துவிட முடியும். மேலும், கூலி கொடாத வணிகத்தோடு போட்டியிட வேண்டிய பிற வணிகங்களிலும் தொழிலாளரின் கூலி தாழும். அதேவேளை, இயல்பான தன்னார்வத் தொண்டு இத்தீர்ப்பினால் பாதிக்கப்படாது என்பதையும் நீதிபதிகள் தெளிவாக்கினர்.

சமயத்தின் பெயரால் ஏற்கப்பட்ட உழைப்பைப் பற்றியது என்பதால் இத்தீர்ப்பு நம் நெஞ்சைத் தொடுகிறது. நல்ல நோக்கம் உடையோரும் இதில் வழுவக்கூடும். கணினி உலகத்திலும் இதன் எதிரொலி உண்டு. ‘அமெரிக்கா ஆன்லைன்’ நிறுவனத்தின் உரையாடல் அறைகளைக் கண்காணித்த தன்னார்வலர்கள் 1999-இல் ஊதியம் கோரி வழக்குத் தொடுத்தனர். 2010-இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அது உடன்பாடு கண்டது.

இவ்வழக்குகள் நமக்கு உணர்த்துவது இதுதான்: கொடுப்பவர், கொள்பவர் என்னும் இருவரோடு ஒரு கொடை முடிந்துவிடுவதில்லை. மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். தம் குரலை இலவசமாகத் தரும் இளைஞருக்கு உணவும் வீடும் தரப் பெற்றோர் இருக்கலாம். அதே பணியைச் செய்து தம் குடும்பத்தைக் காக்க வேண்டிய வேறொருவர் இருக்கிறார். இலவசக் குரல் ஒன்று கிடைத்துவிட்ட பின் இவரை யார் அழைப்பர்? வசதியுள்ளவரே தொண்டு செய்ய இயலும். வறியவர் அந்த வாயிலில் நுழையவே இயலாது. அறிமுகமும் வசதியுள்ளவருக்கே போய்ச் சேரும். கொடையாகத் தோன்றியது இவ்வாறு ஏழையின் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் விலையா?

அப்படியானால் எல்லாக் குரலுக்கும் விலை குறித்துவிடலாமா? அதுவும் நமக்கு உடன்பாடன்று. பணம் தருவோர் எவருமில்லாத சிறு விளையாட்டுகள் உண்டு. பெரும் நிறுவனங்கள் கருதாத சிறு மொழிகளில் வர்ணனை கேட்க விரும்பும் சிறு கூட்டங்களும் உண்டு. அவர்களுக்காகப் பேசுவோர் விலை கேட்டால் அங்கே மௌனமே எஞ்சும். கொடையில்லா உலகம் வறண்ட உலகம். 1990-களில் தம் அறையிலிருந்து பேசிய இளைஞர்கள் கூலிக்குக் காத்திருந்தால் இக்கலையே பிறந்திராது.

கூலி இல்லை என்பதால் கடமை இல்லை என்றாகிவிடாது என்பதையும் தன்னார்வலர் மறக்கலாகாது. கொரியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் பெருவிலிருந்தும் வந்த வீரர்களின் பெயர்களை அவரவர் நாட்டு ஒலிப்புக்கு இயன்றவரை பொருந்தச் சொல்லக் கற்றுக்கொள்வது கடமை. தோற்றவரை எள்ளாதிருப்பது கடமை. இருபுறமும் காண்கின்ற தமக்கு எளிதாகத் தெரிவது, இருளில் நடந்த வீரருக்குத் தெரிந்திராது என்பதை எண்ணிப் பேசுவது கடமை. ‘இலவசமாகத்தானே செய்கிறேன்’ என்று கூறி அரைகுறையாகச் செய்வது கொடையாகாது. அழுகிய கனியைத் தானம் செய்து புண்ணியம் தேடுவதைப் போன்றது அது.

அளவுகோல்

எனில், கொடை எது, சுரண்டல் எது என்று எவ்வாறு பிரித்தறிவது? கொடுப்பவரின் உள்ளத்தை ஆராய்ந்து பயனில்லை; இருநிலையிலும் அவர் உள்ளம் ஒன்றாகவே இருக்கும். டெல்ஃபோர்டு விழாவுக்காக அன்று பேசியவரும், விளம்பரப் பணம் புரளும் போட்டியில் இன்று இலவசமாகப் பேசுகிறவரும் ஒரே அன்பினாலேயே பேசுகின்றனர். வேறுபாடு ஏற்பவரின் கையில் இருக்கிறது. அந்தக் குரலால் ஏற்பவருக்கு வருவாய் உண்டாயின், அதில் குரலுக்குரியவருக்கும் பங்கு உண்டு. அவர் கேளாவிடினும் உண்டு. வருவாய் எவருக்கும் இல்லையெனின், குரலை நன்றியோடு கொடையாக ஏற்கலாம். நேற்றுக் கொடையாயிருந்தது இன்று வணிகமாக மாறிவிட்டால், மாறிய அன்றே கூலியும் தொடங்க வேண்டும். பழைய கணக்கைத் தீர்க்க இயலாது போகலாம். பழைய தொண்டர்களை மறவாதிருக்கவேனும் இயலும்.

இந்த அளவுகோல் கணினிப் போட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. நம் மன்ற ஆண்டுவிழாக்களை நினைத்துப் பார்ப்போம். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கணக்கு முடிக்கிறோம். இரண்டு வாரம் கண்விழித்து நாடகம் எழுதிய இளைஞரையும், மேடையில் மூன்று மணி நேரம் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய கல்லூரி மாணவியையும் ஒரு சால்வையோடும் சில நேரம் அதுவுமின்றியும் அனுப்பிவிடுகிறோம். விழா நம் எல்லாருடைய உழைப்பாலும் எழுந்து, எவருக்கும் வருவாயின்றி முடிந்ததாயின் பிழையில்லை. நுழைவுச்சீட்டு விற்றுப் பணம் திரட்டியிருந்தால்? கேட்கக் கூச்சப்படும் பிள்ளையின் கூச்சத்தால் நாம் ஆதாயம் அடைந்திருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட இரு நெறிகளும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றின. உண்மையில் அவை வெவ்வேறு ஆட்களை நோக்கிப் பேசுகின்றன. கூலியை எதிர்பாராதே என்பது கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது. கூலியை மறுக்காதே என்பது பெறுபவருக்குச் சொல்லப்பட்டது. பெறுபவர் முதல் நெறியை எடுத்துக் கொடுப்பவருக்கு உபதேசம் செய்யத் தொடங்கும்போதே தவறு நேர்கிறது. ஆதலின், நாம் கொடுக்கும்போது கணக்குப் பாராதிருப்போம்; பெறும்போது கணக்குப் பார்ப்போம்.